விரதத்தின் பெயரால் நான் நிறுத்திய மருந்து

என் மனைவி சாப்பிட்டுவந்த மருந்தை நிறுத்தியவன் நான். மருத்துவர் நிறுத்தச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஊரில் பலருக்கு முன்னால் நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன். அந்தப் பொய் உண்மையாக வேண்டுமென்றால் அவளுடைய குளிசைகள் வீட்டில் இருக்கக்கூடாது. காரணம் அவ்வளவுதான். எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள் வேறு. அவற்றையும் எழுதுகிறேன். ஆனால் இது முதலில் வர வேண்டும்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் விஞ்ஞானம் படிப்பித்தவன். முந்தலுக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எங்கள் ஊரில் என்னை இன்றும் மாஸ்டர் என்றுதான் அழைப்பார்கள். என் மனைவி தையல்காரி. பெண்கள் அவளைத் தையலக்கா என்பார்கள். திருவிழா வந்தால் எங்கள் வீட்டு விறாந்தையில் சட்டைத் துணிகள் மலைபோல் குவியும்.

யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் கரையில் சண்டை நடக்கவில்லை. கடலுக்குப் போகப் பாஸ் எடுப்பது, சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடப்பது, இவைதான் எங்களுக்கு யுத்தம். அவையெல்லாம் போய் ஊர் கொஞ்சம் நிமிர்ந்த காலத்தில்தான் அவளுக்கு அந்த வருத்தம் வந்தது. முதலில் தையலில் தெரிந்தது. துணியை மேசையில் விரித்து, கத்தரிக்கோலைக் கையில் எடுத்து, அப்படியே நிற்பாள்.

"வெட்டப் பயமா இருக்கு. பிழையா வெட்டிப்போட்டா அவங்கட துணி வீணாப் போயிருமே."

நாற்பது வருடம் அளவெடுக்காமலே வெட்டியவள் அவள். பிறகு தலை வாருவது நின்றது. அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும் மணம் வந்தாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். கண்ணூறு என்றார்கள் சிலர். யாரோ செய்வினை என்றார்கள். நான் விஞ்ஞானம் படித்தவன் அல்லவா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த ஒரு காரியத்தை மட்டும் சரியாகச் செய்தேன்.

மாதத்துக்கு ஒருநாள் மனநல கிளினிக். மருத்துவர் சிங்களப் பெண், வயது முப்பத்தைந்து இருக்கும். உடைந்த தமிழில் பொறுமையாகக் கதைப்பார். தூள் அடைத்த ஒரு கெப்சூலை எழுதித்தந்தார். "கொஞ்சம் நாள் செல்லும். அம்மா பயப்பட வேணாம்" என்றார். நான் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் படித்த காலத்திலேயே யோகாசனம் கற்றவன். அதைச் சொன்னேன். மருத்துவர் மகிழ்ந்தார்.

"நல்லம் சேர். ரெண்டையும் செய்ங்க. ஆனா நான் சொல்ற வரைக்கும் மருந்து நிப்பாட்ட வேணாம்."

இரண்டையும் செய்தோம். காலையில் பாய் விரித்து அவளோடு நானும் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி செய்வேன். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் இரவில் தூங்கினாள். இரண்டாம் மாதம் ஒருநாள் தானாகவே தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டாள். அந்தச் சத்தம் கேட்டு நான் கிணற்றடியில் நின்று அழுதேன். யோகம் உதவியதா என்று இன்று யாரும் கேட்டால், உதவியது என்றுதான் சொல்வேன். படுக்கையை விட்டு எழும்ப அவளுக்கு ஒரு காரணம் கிடைத்தது. உடம்பு இளகியது. ஆனால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல எனக்கு எந்த வழியும் இருக்கவில்லை. அது தெரிந்திருந்தும் பிரித்துச் சொன்னேன்.

ஊர் வாசிகசாலை மண்டபத்தில் சனி ஞாயிறு காலைகளில் நான் ஒரு யோகா வகுப்பு நடத்திவந்தேன். பதினைந்து பேர் வருவார்கள். கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஒருவர், அவருடைய தங்கை, பிரஷரும் சீனி வருத்தமும் உள்ள சில பெண்கள். மதுரங்குளிப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு கருவாட்டு வியாபாரியும் வருவார். மன்னார் முஸ்லிம். தொண்ணூறில் குடும்பத்தோடு அங்கிருந்து விரட்டப்பட்டு இங்கே வந்தவர். மூட்டை தூக்கித் தூக்கி முதுகு கூனிப்போன மனிதர்.

"சேர், எனக்கு இந்தச் சவாசனம் மட்டுந்தான் புடிபடுது. அதுல எனக்கு முதலாம் புள்ளி தரணும்" என்று பாயில் மல்லாந்து கிடந்தபடியே சொல்வார். மண்டபம் முழுக்கச் சிரிக்கும்.

ஒரு சனிக்கிழமை சம்மாட்டியின் தங்கை எல்லோர் முன்னாலும் என்னிடம் கேட்டாள்.

"மாஸ்டர், தையலக்கா எப்புடி இவ்வளவு தெளிஞ்சா? எந்த டொக்டரிட்டக் காட்டினீங்க?"

அவள் கேட்டது சாதாரணக் கேள்வி. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மனநல கிளினிக் என்ற சொல் என் வாயில் வரவில்லை. கூச்சம் ஒருபக்கம். இன்னொரு பக்கம், எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டொக்டரா? பிராணாயாமம்தான். வேறொண்டுமில்ல" என்றேன்.

என் மனைவி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மடித்து வைத்த காலை நீட்டி, மறுபடி மடித்தாள். கருவாட்டு வியாபாரி என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கூரையைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குப் பல மாதங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் கேட்டாள். "ஏன் அப்புடிச் சொன்னீங்க?"

"ஒரு பேச்சுக்கு."

"அப்ப நான் குடிக்கிற குளிசை? களவா?"

அன்றிலிருந்து அது களவாகத்தான் போயிற்று. கிளினிக் கொப்பியைப் புடவைக்கடைப் பையில் சுற்றிக் கொண்டுபோகச் சொன்னேன். ஊர்ச் சந்தியில் பஸ் ஏறாமல் அடுத்த சந்திவரை நடந்து போய் ஏறினோம். வகுப்புக்கு ஆட்கள் கூடினார்கள். முந்தலில் ஒரு பாடசாலையில் பெற்றோர் கூட்டத்துக்கு என்னைப் பேச அழைத்தார்கள். "என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன்" என்று மேடையில் தொடங்கினேன். கைதட்டினார்கள். மருந்து வெறும் ஊன்றுகோல், அதை எறிந்துவிட்டு நடக்கப் பழகுங்கள் என்றுகூடச் சொன்னேன். சொல்லும்போதே வீட்டு அலுமாரியில் இரண்டாம் தட்டில் இருந்த குளிசைகள் என் கண்முன் வந்தன. யாராவது வந்து அந்த அலுமாரியைத் திறந்துவிட்டால்? அன்றிலிருந்து வீட்டுக்கு ஆட்கள் வந்தால் அந்த அறைக் கதவைச் சாத்திவைத்தேன்.

அந்த வருடம் அவள் அம்மனுக்குத் தீமிதிக்க நேர்ந்திருந்தாள். வருத்தமாக இருந்தபோது தனக்குள்ளேயே வைத்த நேர்த்தி. எங்கள் ஊரில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் வீட்டில் மீன்சட்டி கவிழ்ந்துவிடும். கடலை நம்பிப் பிழைக்கும் ஊர், கருவாட்டு வாசம் கூடப் படாமல் பதினெட்டு நாள் இருக்கும். காப்புக் கட்டியவர்கள் வெளியில் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டார்கள். தீட்டோடு நெருப்பில் இறங்கினால் கால் வெந்துவிடும் என்பது நம்பிக்கை. என் மனைவி அதைச் சந்தேகமில்லாமல் நம்பினாள்.

காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள் அவள் பூசைத் தட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். நான் ஒரு கெப்சூலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போனேன்.

"இந்தக் கூடு எதில செய்யிறது தெரியுமா?"

"பிளாஸ்ரிக் இல்லியா?"

"மாட்டு எலும்பும் தோலும். அவிச்சு எடுக்கிற பசை."

அவள் கையிலிருந்த தட்டு கீழே விழவில்லை. ஆனால் அதை அவள் வைத்த விதம் இன்னும் நினைவிருக்கிறது. சத்தமே இல்லாமல், மெல்ல.

"ஐயோ. இவ்வளவு நாளும் சொல்லல்லியே."

"விரதமில்லாத நாள்ல பரவாயில்ல."

"டொக்டரிட்டச் சொன்னா வேற மாதிரிக் குளிசை தருவாங்கதானே? கூடு இல்லாதது?"

தருவார். அது எனக்கு நன்றாகத் தெரியும். மருந்துக்கடையில் கேட்டாலே வழி சொல்லியிருப்பார்கள். அந்தக் கேள்வியை அவள் கேட்ட நொடியில்தான் நான் திரும்பியிருக்க வேண்டும்.

"கிளினிக் நாளுக்கு இன்னும் ரெண்டு கிழமை கிடக்கு. அதுக்குள்ள காப்புக் கட்டியாகணும். பதினெட்டு நாள்தானே, மூச்சுப் பயிற்சியைக் கூட்டிச் செய்வம். ஒண்டும் ஆகாது."

மாட்டு எலும்பு என்று நான் சொன்னது பொய்யல்ல. அதுதான் இதில் மிக மோசம். உண்மையான ஒரு தகவலை எடுத்து, அவளுடைய பக்தியின் மேல் வைத்து அழுத்தினேன். எனக்கு அந்தத் தீட்டில் நம்பிக்கை இருந்ததே இல்லை.

பதினெட்டு நாளும் ஒன்றும் நடக்கவில்லை. சில மருந்துகள் உடம்பிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. அவள் மஞ்சள் சேலையோடு நெருப்பில் இறங்கி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாள். கால் பொசுங்கவில்லை. முகம் ஒளிவிட்டது. நான் கூட்டத்தில் நின்று, என் பரிசோதனை வெற்றி என்று நினைத்தேன். என் மனைவி கடவுளிடம் கடன் தீர்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் நினைத்தது அது.

காப்பு அவிழ்த்த மறுநாள் அவள் அலுமாரியைத் திறந்தாள்.

"இனிக் குடிக்கட்டா?"

"இல்லாமலே நல்லாத்தானே இருந்தாய். கொஞ்சம் பாப்பம்."

"கிளினிக் நாளும் போயிட்டே."

"அதையும் பாப்பம்."

அவள் அலுமாரியை மூடினாள். பின்னேரம் அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது நான் குளிசைகளைத் தென்னையடியில் புதைத்தேன். கிளினிக் கொப்பியை என் பழைய பாடக்குறிப்புகளுக்கு அடியில் வைத்தேன்.

ஐந்தாறு கிழமைக்குப் பிறகு மறுபடி வெட்டாத துணிகள் சேரத் தொடங்கின. நான் பார்க்காததுபோல் இருந்தேன். பிறகு அவள் அதிகாலையிலேயே எழும்பி உட்கார்ந்திருக்கத் தொடங்கினாள். "பாயைப் போடு" என்பேன். போடுவாள். காலையில் ஒரு மணித்தியாலம் என்றிருந்ததைப் பகலிலும் பின்னேரத்திலும் கூட்டினேன். நான் எண்ணுவேன், அவள் மூச்சை இழுத்து, நிறுத்தி, விடுவாள். ஒருநாளும் மறுத்ததில்லை. மறுத்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், கோபத்திலாவது விழித்திருப்பேன்.

ஒரு பகல், மூச்சை நிறுத்திப் பிடித்திருந்தவள் நான் விடச் சொன்ன பிறகும் விடவில்லை. உதடு கறுத்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"விடாம இருந்தா என்ன ஆகும் எண்டு பாத்தன்" என்றாள்.

அதைக் கேட்ட பிறகும், பாயைச் சுருட்டும்போது அவள் சொன்ன அடுத்த வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

"நான் சரியாச் செய்யல்ல போல. நீங்க சொல்லித்தாறது சரிதான். நான் செய்யிற விதத்திலதான் பிழை. அதுதான் சுகமாகல்ல."

இல்லை, பிழை உன்னிடம் இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு விநாடி போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்னும் கவனமாச் செய்" என்றேன். அவளுடைய வருத்தத்தை அவளுடைய குற்றமாக்கினேன்.

அந்தக் கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு கருவாட்டு வியாபாரி நின்றார். பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சேர், அக்காவ ரெண்டு மாசமா கிளினிக்ல காணல்ல."

"எந்தக் கிளினிக்?" என்றேன்.

"நானும் அங்கதான் வாறன் சேர். தூண் ஓரத்து வாங்குப் பலகையில இரிப்பன். நீங்க காணல்ல, நான் கண்டன். யுத்தம் முடிஞ்ச பொறகு மன்னாருக்குப் போய் நம்மட வளவப் பாத்தன். ஊடு இருந்த எடத்துல உடைமரக் காடு. கெணறு மட்டும் இரிக்கி. திரும்பி வந்த நாள்ல இருந்து எனக்கு நித்திரை இல்ல. ஊட்டுக்காரிதான் இழுத்துட்டுப் போனா."

இவர் முதலிலிருந்தே என் பொய்யை அறிந்தவர். அறிந்தும் ஆறேழு மாதம் என் முன்னால் பாய் விரித்துக் கிடந்தவர். அந்த எண்ணம் என்னைச் சுட்டது.

"அவவுக்கு இனி மருந்து தேவையில்ல" என்றேன்.

"டொக்டர் செல்லினதா, நீங்க செல்லினதா?"

"நீங்க எனக்குப் படிப்பிக்க வந்தீங்களா? கருவாட்டப் பத்திக் கேக்கணுமெண்டா உங்களிட்ட வாறன்."

அவர் கோபப்படவில்லை. "கருவாடு எண்டாலும் காயுறதுக்கு நாள் குடுக்கணும் சேர். மனுசருக்குக் குடுக்க மாட்டீங்களா?" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார். அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை.

தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று ஓய்ந்து கடல் படிந்ததும் எங்கள் கரையில் கரைவலை தொடங்கும். வலையைத் தோணியில் கொண்டுபோய் அரைவட்டமாகக் கடலில் விட்டு, இரண்டு நுனிக் கயிறுகளையும் கரையில் நின்று இழுப்பார்கள். ஒவ்வொரு கயிற்றிலும் பதினைந்து இருபது பேர், கடலைப் பார்த்தபடி பின்னால் நடந்து இழுப்பார்கள். கடைசி ஆள் மணல்மேட்டை எட்டியதும் கயிற்றை விட்டுவிட்டு, வரிசையோரமாக மறுபடி தண்ணீரருகே நடந்து போய் முன்னால் பிடிப்பார். ஆகவே கயிற்றோரமாகக் கடலை நோக்கி ஒரு ஆள் நடந்து போனால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது.

அன்று ஞாயிறு. நான் மண்டபத்தில் வகுப்பில் இருந்தேன். தலை வலிக்கிறது என்று அவள் வீட்டில் நின்றுவிட்டாள். பிறகு நடந்ததை, கரைவலைக் காலமாகையால் வகுப்புக்கு வராத சம்மாட்டி சொல்லித்தான் அறிந்தேன். காலை ஒன்பது மணிபோல் அவள் கரைக்கு வந்திருக்கிறாள். மாதக்கணக்காகக் கரைப்பக்கம் காணாதவளைக் கண்டு எல்லோருக்கும் சந்தோசம்.

"தையலக்கா வந்திட்டா! எடுங்க, ஒரு கை போடுங்க. இண்டைக்கு வலை மடி நிறையும்!"

அவள் கயிற்றைப் பிடித்தாள். மற்றவர்களோடு பின்னால் நடந்தாள். மேட்டை எட்டியதும் எல்லோரையும்போல் கயிற்றை விட்டு முன்னால் நடந்து போனாள். தண்ணீர் விளிம்பில் நிற்கவில்லை. முழங்கால், இடுப்பு. வரிசையில் முதலில் நின்றவன் அவளுடைய முதுகைப் பார்த்திருக்கிறான். ஏதோ விழுந்ததை எடுக்கப் போகிறாள் என்று நினைத்தானாம். அதற்குள் ஒரு அலை அவளை மூடிவிட்டது.

"கயித்த விடுங்கடா!" என்று சம்மாட்டி கத்தினார்.

கரைவலைக்காரருக்குத் தெரியும், பாதி இழுத்த கயிற்றை விட்டால் வலை விரிந்து உள்ளே வந்த மீனெல்லாம் போய்விடும். புயலுக்குக்கூட விடாத கயிறு. ஆனால் அந்தப் பக்கக் கயிற்றில் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கையை விட்டார்கள். நாலு பேர் பாய்ந்து அவளைத் தூக்கினார்கள். உயிர் இருந்தது.

எனக்கு ஆள் வந்து சொன்னபோது நான் "மூச்சை விடுங்க" என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஓடிப்போனேன். அவள் ஈரமணலில் உட்கார்ந்திருந்தாள். யாரோ சாரத் துணியைப் போர்த்தியிருந்தார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை. வலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கட மீனெல்லாம் போச்சே" என்று அவர்களிடம் சொன்னாள்.

"மீன் நாளைக்கும் வரும் அக்கா" என்றார் சம்மாட்டி.

ஆஸ்பத்திரியில் அதே மருத்துவர் வந்தார். முதல் கேள்வி நான் எதிர்பார்த்ததுதான்.

"மருந்து எப்ப விட்டது? யார் சொன்னது?"

நான் வாயைத் திறக்குமுன் கட்டிலிலிருந்து அவள் சொன்னாள். "நான்தான் விட்டன். விரதத்துக்கு."

மருத்துவர் அவளைக் கடிந்துகொண்டார். அன்பாகத்தான், ஆனால் கடிந்துகொண்டார். கூடு இல்லாத மாத்திரை இருக்கிறதே, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் உலகத்தில் கிடையாது. நான் சொல்லவில்லை. நான் செய்ததிலெல்லாம் எதைத் திருப்பிச் செய்யக் கிடைக்க வேண்டும் என்று கேட்டால், அந்த ஐந்து நிமிடத்தைக் கேட்பேன்.

மூன்று நாள் அதைச் சுமந்து திரிந்தேன். நாலாம் நாள் மருத்துவருடைய அறை வாசலில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மண்டபம், மேடை, மாட்டு எலும்பு, தென்னையடி. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யோகா நிப்பாட்டச் சொல்லல்ல சேர்" என்றார் முடிவில். "அம்மாக்கு விருப்பம் எண்டா செய்யட்டும். ஆனா இனி அம்மாட மருந்து அம்மாட கையில. நீங்க தொட வேணாம்."

வீடு வந்த பிறகு மனைவியிடம் கேட்டேன். வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லப்போகிறேன், உன்னுடைய வருத்தமும் வெளியே வரும், சரியா என்று.

"என்ட வருத்தம் ஊருக்கே தெரியும். கடல்ல இருந்து தூக்கினவங்களுக்குத் தெரியாதா? நீங்க செய்ததுதான் தெரியாது. அதச் சொல்லுங்க."

சொன்னேன். பதினெட்டுப் பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நான் நின்றுகொண்டு பேசினேன். மேடையில் பேசிப் பழகிய வாய், அன்று நாலு வசனத்துக்கு மேல் ஓடவில்லை. சம்மாட்டியின் தங்கை எழும்பினாள்.

"அப்ப மாஸ்டர், நான் விட்ட பிரஷர் குளிசை?"

இன்னும் இரண்டு பேர் சீனிக் குளிசையைக் குறைத்திருந்தார்கள். வகுப்பில் நான் யாரிடமும் நேரே விடச் சொன்னதில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. அன்றே மூவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தெய்வாதீனமாக எவருக்கும் பெரிய கேடு வரவில்லை. சம்மாட்டியின் தங்கை பஸ்ஸில் எனக்குப் பக்கத்து ஆசனத்தில் உட்காரவில்லை. நின்றுகொண்டே வந்தாள்.

முந்தல் பாடசாலைக்கும் போய் அதிபரைக் கேட்டேன், அதே பெற்றோரிடம் மறுபடி பேச வேண்டும் என்று. அவர் தயங்கித் தயங்கி அனுமதித்தார். முதல் கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர்கூட வரவில்லை. வராதவர்கள் என் முதல் பேச்சைத்தான் இன்னும் வைத்திருப்பார்கள். அவர்களை நான் எங்கே போய்த் தேடுவது?

மதுரங்குளிக்கும் போனேன். கருவாட்டு வியாபாரி கதிரை தந்து, தேத்தண்ணீர் தந்து, நான் மன்னிப்புக் கேட்டதைப் பொறுமையாகக் கேட்டார். "சேர், நான் அண்டைக்கே அக்காட்ட நேரா செல்லியிருக்கணும். மாஸ்டர் எண்டு மரியாத பாத்தன். அந்தக் கொறை எனக்கும் இரிக்கி" என்றார். என்னுடையதை அவர் பங்குபோட்டுக்கொண்டது எனக்கு ஆறுதலாக இல்லை. அவர் இப்போது வகுப்புக்கு வருவதில்லை. ஆனால் ஒவ்வொரு கிளினிக் நாளும் அவரும் மனைவியும் முச்சக்கரவண்டி ஒன்று பிடித்து எங்கள் வாசலுக்கு வருவார்கள். என் மனைவி கிளினிக் கொப்பியைக் கையில் தெரியப் பிடித்துக்கொண்டு ஏறுவாள். முதல் தடவை நானும் ஏறுவதற்காக வண்டியோரமாகப் போய் நின்றேன்.

"நீங்க நில்லுங்க" என்றாள்.

இந்தத் தடவை மருந்து வேலைசெய்ய நீண்ட காலம் எடுத்தது. முதல் தடவை இரண்டு மாதத்தில் வந்த தெளிவு, இம்முறை எட்டு மாதம் கேட்டது. மருந்தின் அளவைக் கூட்டவேண்டி வந்தது. அந்த எட்டு மாதத்தில் அவள் கிணற்றடிக்குப் போனால் நான் வாளிச் சத்தம் கேட்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். பிறகு மெல்ல மெல்லத் தைக்கத் தொடங்கினாள். முதலில் தலையணை உறை, பிறகு பாவாடை. சட்டை வெட்டுவதற்கு அடுத்த வருடம் ஆயிற்று.

மூச்சுப் பயிற்சியை அவள் விடவில்லை. ஆனால் அறைக்குள் தனியாகச் செய்கிறாள், என் எண்ணிக்கை இல்லாமல். எவ்வளவு நேரம் செய்கிறாள், எப்படிச் செய்கிறாள் என்று எனக்குத் தெரியாது. நான் வகுப்பை இரண்டு வருடத்துக்குப் பிறகு கைவிட்டேன். வருபவர்கள் ஐந்து பேராகக் குறைந்திருந்தார்கள்.

போன மாதம் கடைத்தெருவில் கருவாட்டு வியாபாரியைக் கண்டேன். "அல்ஹம்துலில்லாஹ் சேர், நல்ல சங்கதி. அக்காட மருந்தப் பாதியாக் கொறைச்சிட்டாங்களே" என்றார். குறைத்து மூன்று மாதமாம். நான் அறிந்தவன்போல் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து அவளிடம் கேட்டேன், ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று. அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சொன்னா உங்களாலதான் கொறைஞ்சது எண்டு நினைப்பீங்க."

நான் போய் முற்றத்தில் உட்கார்ந்தேன். அறைக்குள் தையல் இயந்திரம் ஓடத் தொடங்கியது. ஒரு சட்டை முடியும்வரை அது நிற்கவில்லை.